நீதிமன்றப் படி ஏறுமுன்: திருகோணமலையில் மத்தியஸ்த சபை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணி எல்லை, கொடுத்த கடன், வாய்க்கால் தண்ணீர், வாடகை முற்பணம், வேலிச் சண்டையில் விழுந்த அடி. இப்படியான பிணக்குகளோடு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

மத்தியஸ்த சபை என்பது சின்ன கோர்ட்டா?

இல்லை. இதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அங்கே நீதவான் இல்லை, தீர்ப்பு இல்லை, தண்டனை இல்லை. மூன்று மத்தியஸ்தர்கள் இரு தரப்பையும் உட்கார வைத்துக் கதைக்கச் செய்வார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தால் அதை எழுதி, கையெழுத்து வாங்கிச் சான்றிதழ் தருவார்கள். வராவிட்டால் 'இணக்கம் ஏற்படவில்லை' என்று சான்றிதழ் தருவார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

'யாருடைய பக்கம் நியாயம் என்று சொல்லச் சொல்லுங்கோ' என்று கேட்டுக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். நியாயம் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. சபைக்குப் போகுமுன் உங்களை நீங்களே கேட்க வேண்டியது வேறு: என்ன கிடைத்தால் இந்தப் பிரச்சினையை இன்றோடு விடுவேன்? அதற்குப் பதில் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இலங்கையில் 1958 முதல் 1978 வரை இணக்க சபைகள் இருந்தன. அவை ஒழிக்கப்பட்ட பிறகு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் கீழ் இப்போதைய சபைகள் வந்து, 1990இல் இயங்கத் தொடங்கின. ஊரில் இப்போதும் பலர் இணக்க சபை என்றுதான் சொல்வார்கள். போர்க்காலத்தில் வடக்கு கிழக்கின் பல இடங்களில் இவை இயங்கவில்லை. அதனால்தான் கொழும்புப் பக்கத்தில் பழகிப்போன ஒரு விஷயம் இங்கே சிலருக்கு இன்னும் புதிதாக இருக்கிறது.

என் பிரச்சினையை நேரே கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் என்ன?

பல பிணக்குகளில் கொண்டுபோக முடியாது. சட்டத்தில் சொல்லப்பட்ட தொகைக்கு உட்பட்ட கடன், நட்டஈடு, அசையும் சொத்து, அசையாச் சொத்து சம்பந்தமான பிணக்கென்றால், மத்தியஸ்த சபையின் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல், வழக்கை முதலில் விசாரிக்கும் நீதிமன்றம் எதுவும் அதை ஏற்காது. இந்தத் தொகை காலத்துக்குக் காலம் கூட்டப்படுகிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஐந்து இலட்சம் ரூபாவாக ஆக்கியது. உங்கள் தொகை அதற்குக் கிட்டவோ மேலேயோ இருந்தால், இன்றைய வரம்பைச் சபைத் தலைவரிடமோ சட்டத்தரணியிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறு குற்றங்களும் இதற்குள் வரும். சாதாரண காயம், அத்துமீறி நுழைதல், சொத்துக்குச் சேதம் விளைவித்தல், மிரட்டல் போன்றவை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால் அவர்களே 'சபைக்குப் போங்கோ' என்று அனுப்புவதற்குக் காரணம் இதுதான். பொலிஸ் தட்டிக்கழிக்கிறது என்று எப்போதும் நினைக்க வேண்டியதில்லை. (சில வேளை தட்டிக்கழிப்பதும் உண்டு. ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அளவுக்கு அடி விழுந்திருந்தால் விடாமல் நின்று முறைப்பாட்டைப் பதிவு செய்யுங்கள்.)

விவாகரத்து, பங்குபிரிப்பு வழக்கு, மரணசாதன (உயில்) வழக்கு போன்றவைக்குச் சபைச் சான்றிதழ் தேவையில்லை. அவை நேரே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். முஸ்லிம் திருமணம், விவாகரத்து என்றால் காதி நீதிமன்றம்.

தொகை வரம்புக்கு மேலே இருந்தாலும் நீங்களாக விரும்பிச் சபைக்குப் போவதை யாரும் தடுக்க மாட்டார்கள். வரம்பு சொல்வது எதற்குக் கட்டாயம் என்பதை மட்டுமே.

நான் உப்புவெளி, மற்றவர் கிண்ணியா. எந்தச் சபைக்குப் போவது?

சபைகள் பெரும்பாலும் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக இருக்கின்றன. திருகோணமலை மாவட்டத்தில் பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, சேருவில, வெருகல், கந்தளாய், மொரவெவ, கோமரங்கடவல, பதவி ஸ்ரீபுர என்று 11 பிரிவுகள். பிணக்கு எந்தப் பிரிவில் நடந்ததோ, எந்தப் பிரிவில் காணி இருக்கிறதோ, அந்தப் பிரிவுச் சபை. கடன் கிண்ணியாவில் கொடுக்கப்பட்டிருந்தால் கிண்ணியாவுக்கு மனுப்போடலாம்.

சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்பதை உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் அல்லது பிரதேச செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஒரு பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ கூடும். மத்தியஸ்தர்கள் ஓய்வுபெற்ற அதிபர், ஆசிரியர், உத்தியோகத்தர் என்று ஊரில் மதிப்புள்ளவர்கள். சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். வார நாளில் தேடிப்போய் 'ஒருத்தரையும் காணேல்லை' என்று திரும்ப வேண்டாம்.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்? ஆள் பிடித்து எழுத வேண்டுமா?

தேவையில்லை. ஒரு தாளில் சபைத் தலைவருக்கு முகவரியிட்டு, உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், மற்றவரின் பெயர், முகவரி, என்ன நடந்தது, எப்போது நடந்தது, நீங்கள் கேட்பது என்ன என்று எழுதினால் போதும். மற்றவரின் முகவரி சரியாக இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் திரும்பி வந்தால் அதிலேயே மாதம் ஓடிவிடும். லிங்கநகர், அன்புவழிபுரம் போன்ற இடங்களில் ஒரே வீதியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது புதிதில்லை. வீட்டு இலக்கமோ கிராம உத்தியோகத்தர் (விதானை) பிரிவோ சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. பத்து வருடக் கதையை முழுவதும் எழுதாதீர்கள். அவர் உங்கள் மாமனாரை 2009இல் ஏசியது விண்ணப்பத்துக்கு வேண்டாம். அதைச் சொல்ல சபையில் நேரம் கிடைக்கும்.

செலவு எவ்வளவு?

முத்திரைச் செலவும் பஸ் காசும்தான். மத்தியஸ்தருக்குக் கொடுக்க எதுவும் இல்லை. யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

சபைக்குள் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களே பேச வேண்டும். ஆனால் போகுமுன் ஒரு சட்டத்தரணியைப் பார்த்துவிட்டுப் போவதை யாரும் தடுக்கவில்லை. காணி விஷயமென்றால் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேட்கலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அரச அமைப்பு அது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம்.

அன்றைக்கு உள்ளே என்ன நடக்கும்?

முதலில் மூன்று பேர் கொண்ட குழு அமையும். சபையின் பெயர்ப் பட்டியலில் இருந்து நீங்கள் ஒருவரைத் தெரிவு செய்வீர்கள், மற்றவர் ஒருவரைத் தெரிவு செய்வார், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். அந்தப் பட்டியலைச் சும்மா தலையாட்டி விடாதீர்கள். உங்களுக்கு நம்பிக்கையான ஆள் யார் என்று பாருங்கள்.

பிறகு வகுப்பறை வாங்கில் இரண்டு பக்கமும் உட்கார வைப்பார்கள். விண்ணப்பம் போட்டவர் முதலில் கதைப்பார். மற்றவர் இடையில் குறுக்கிடக் கூடாது. அப்புறம் அவருடைய முறை. தேவைப்பட்டால் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டும் கதைப்பார்கள். மத்தியஸ்தர்களுக்கு இதற்கெனப் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கிறது. 'நீ சொல்வது சரி, அவர் சொல்வது பிழை' என்று சொல்வது அவர்கள் பயிற்சிக்கு எதிரானது.

ஒரு மாதிரிப் பிணக்கை எடுத்துப் பார்ப்போம். தம்பலகாமத்தில், கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்கள். மேல் வயல்காரர் விண்ணப்பம் போடுகிறார்: கீழ் வயல்காரர் என் வரம்பை உடைத்துவிட்டார், நட்டம் 40,000 ரூபா. கீழ் வயல்காரர் வந்து, இவர் எனக்கு வரும் தண்ணீரை மறித்துவிட்டார் என்கிறார். இரண்டும் உண்மை. நீதிமன்றத்தில் இது இரண்டு வழக்கு, இரண்டு சட்டத்தரணி, எத்தனையோ தவணை.

சபையில் மத்தியஸ்தர் கேட்கிறார்: வரம்பு எப்படி உடைந்தது? வெட்டு மெசின் போனதில். மெசின் ஏன் அந்த வழியால் போனது? கீழ் வயலுக்கு வேறு பாதையே இல்லை. மேல் வயல்காரர் மூன்று மாத நெல் விதைத்து முன்னுக்கு அறுத்து, வயலை அடுத்த உழவுக்குத் தயார் செய்துவிட்டார். கீழ் வயல்காரர் மூன்றரை மாத நெல். அவர் மெசின் கொண்டுவரும் நேரம் மேல் வயல் சேறாக இருந்தது. மெசின் வரம்பை மிதித்துக்கொண்டு போனது. கோபத்தில் மேல் வயல்காரர் அடுத்த போகத்துக்கு வாய்க்காலை மறித்தார்.

தீர்வு என்னவாக இருக்கும்? இருவரும் ஒரே இன நெல்லை விதைப்பது, ஒரே நாளில் ஒரே மெசினைப் பிடிப்பது, மேல் வயலை முதலில் வெட்டுவது, மெசின் போன மூன்று நாளுக்குள் கீழ் வயல்காரர் வரம்பைக் கட்டிக்கொடுப்பது, தண்ணீர் மறிப்பதில்லை. 40,000 ரூபாவில் ஒரு பகுதியை அறுவடைக்குப் பிறகு கொடுப்பது. எந்த நீதிபதியும் 'ஒரே இன நெல்லை விதையுங்கள்' என்று தீர்ப்பெழுத மாட்டார். எழுதவும் அவருக்கு வழியில்லை. பக்கத்துப் பக்கத்தில் தொடர்ந்து வாழவேண்டியவர்களுக்குச் சபையை நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். செலவு குறைவு என்பது அதற்கு அடுத்ததுதான்.

ஒரே நாளில் முடிந்துவிடுமா?

சில முடியும். பல இரண்டு மூன்று அமர்வு எடுக்கும். காணியென்றால் இடத்தைப் போய்ப் பார்ப்பதும் உண்டு.

கூப்பிட்டும் மற்றவர் வரவில்லை. என்ன செய்வது?

சபைக்கு அவரை இழுத்துக்கொண்டு வரும் அதிகாரம் இல்லை. வராவிட்டால் உங்களுக்கு இணக்கமின்மைச் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வழக்குப் போடலாம். வராமல் விட்டவர் தப்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வழக்குக்கு வழி திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அங்கே நான் சொன்னதைப் பிறகு கோர்ட்டில் எனக்கெதிராகப் பாவிப்பார்களா?

முடியாது. சபையில் சொல்லப்பட்டதை வழக்கில் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. 'ஓம், காசு வாங்கினேன், இப்போது கட்ட வழியில்லை' என்று அங்கே மனந்திறந்து சொல்லலாம். ஆனால் ஊர் சின்னது. வெளியே மரத்தடியில் நின்று அதையே சத்தமாகச் சொன்னால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை.

மத்தியஸ்தர் ஒருவர் மற்றவரின் சொந்தக்காரர். என்ன செய்யலாம்?

தொடங்குமுன் சொல்லுங்கள். தலைவரிடம், மரியாதையாக, காரணத்தோடு. முடிந்தபிறகு 'அவர் அவையின்ர ஆள்' என்று சொல்வதால் பயன் இல்லை. திருகோணமலை போன்ற இடத்தில் ஏதாவது ஒரு வழியில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம்தான். தூரத்துச் சொந்தத்துக்கெல்லாம் எழும்பத் தேவையில்லை.

மற்றவர் சிங்களம் மட்டும் கதைப்பவர். எந்த மொழியில் நடக்கும்?

இரு தரப்புக்கும் விளங்கும் மொழியில் நடக்க வேண்டும். மாவட்டத்தில் தமிழும் சிங்களமும் கலந்து வாழும் பிரிவுகளில் இரண்டும் தெரிந்த மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். விளங்காத மொழியில் எழுதிய இணக்கப்பாட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னாலும், உங்கள் மொழியில் ஒரு பிரதி கேளுங்கள்.

இணக்கப்பாடு எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சபையின் பலன் முழுவதும் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. வந்த களைப்பில், 'சரி, முடிந்தது' என்ற சந்தோசத்தில், பலர் இதை வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு மூன்று மாதம் கழித்து அதே ஆளோடு அதே சண்டை.

இப்படி எழுதினால் பயன் இல்லை: 'இரு தரப்பினரும் சமாதானமாகப் போவதாகவும், எதிர்த்தரப்பினர் பணத்தை இயன்றளவு விரைவில் திருப்பிக் கொடுப்பதாகவும் இணங்குகின்றனர்.' இயன்றளவு என்பது எவ்வளவு? விரைவில் என்பது எப்போது?

இப்படி எழுதுங்கள்: 'எதிர்த்தரப்பினர் மொத்தம் 120,000 ரூபாவை, மாதம் 10,000 ரூபா வீதம் 12 தவணைகளில், ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்கு முன் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கில் வைப்பிலிடுவார். ஒரு தவணை 15 நாட்களுக்கு மேல் பிந்தினால் மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்தப்பட வேண்டும்.' கணக்கு இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். கையில் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு.

வேலி என்றால் எந்த மரத்திலிருந்து எந்தக் கல் வரை, எத்தனை அடி, யார் செலவில், எந்தத் திகதிக்குள். ஆடு மாடு என்றால் பகலில் கட்டுவதா, இரவில் அடைப்பதா, பயிர் தின்றால் நட்டத்தை யார் மதிப்பிடுவது. 'இனிமேல் பிரச்சினை பண்ணமாட்டேன்' என்ற வசனம் கேட்க நன்றாக இருக்கும். அதை வைத்து யாரையும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்களால் முடியாததற்குச் சம்மதிக்காதீர்கள். கரைவலைக்குப் போகிறவர், கடலடிக்கும் மாரியில் வருமானம் குறையும் என்று தெரிந்தும், எல்லா மாதமும் ஒரே தொகை கட்டுவதாக ஏன் எழுத வேண்டும்? தவணையை மாரி மாதங்களில் குறைத்துக் கேளுங்கள். மத்தியஸ்தர்களுக்கும் விளங்கும், மற்றவருக்கும் விளங்கும்.

பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேச வெட்கப்பட்டுத் தலையாட்டுவது நம் பழக்கம். சபையில் அந்தப் பழக்கம் வேண்டாம். யோசிக்க ஒரு வாரம் கேட்பது மரியாதைக் குறைவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் மீறிவிட்டார். இப்போது?

நீங்களாகச் சபைக்குப் போய்ச் செய்துகொண்ட இணக்கப்பாடு நீதிமன்றக் கட்டளை இல்லை. மீறினார் என்று சபைத் தலைவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். சபை திரும்ப இருவரையும் கூப்பிட்டுப் பார்க்கும். அப்போதும் சரிவராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தரும், நீங்கள் நீதிமன்றம் போகலாம். ஏற்கனவே நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை நீதிமன்றமே சபைக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு: இணக்கப்பாடு நீதிமன்றத்துக்குப் போய், அதன்படி தீர்ப்பாணை வரும். அதை மீறுவது பாரதூரமான விஷயம்.

காணிப் பிணக்கை சபையில் தீர்க்கலாமா?

தீர்க்கலாம். ஆனால் எச்சரிக்கையாக. இங்கே காணிக்கதை எதுவும் நேர்கோட்டில் போவதில்லை.

எல்லைச் சண்டை, பாதைச் சண்டை, வேலிச் சண்டை எல்லாம் சபைக்கு மிகப் பொருத்தமானவை. உறுதியும் நில அளவை வரைபடமும் கையில் இருக்கட்டும். அளவையாளரை இருவரும் சேர்ந்து, செலவைப் பாதி பாதியாகப் போட்டுப் பிடிப்பது என்ற ஒரே இணக்கத்திலேயே பாதிச் சண்டைகள் முடிந்துவிடுகின்றன.

காணியை ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதாக முடிவானால், சபைத் தாள் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அசையாச் சொத்தின் கைமாற்றம் நொத்தாரிசு முன் எழுதிய உறுதியால்தான் செல்லும். எந்தத் திகதிக்குள் உறுதி எழுதுவது, செலவு யாருடையது என்று இணக்கப்பாட்டில் சேர்த்துவிட்டு நொத்தாரிசிடம் போங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதைத் தெரியாமல் சபையில் பெர்மிட் காணியை இரண்டாகப் பிரித்துக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சகோதரர்களுக்குள் பங்கு என்றால், பங்குபிரிப்பு வழக்குக்குச் சபை தேவையில்லைதான். ஆனாலும் யார் எந்தப் பக்கம் எடுப்பது, கிணறு யாருடையது என்று சபையில் பேசி முடித்துவிட்டு, நொத்தாரிசிடம் பங்கீட்டு உறுதி எழுதலாம். பங்கு வழக்குகள் ஒரு தலைமுறை நீள்வதை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கனடாவில் ஒரு பங்காளி இருந்தால், அவர் சம்மதத்தை முதலே எழுத்தில் வாங்குங்கள். அவர் இல்லாமல் செய்த இணக்கம் அவரைக் கட்டாது.

இடம்பெயர்ந்து போய்த் திரும்பியவர்களின் காணியில் வேறு ஆள் இருக்கும் பிரச்சினை சம்பூர்ப் பக்கம், குச்சவெளிப் பக்கம் நிறைய. உரிமையாளரின் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் ஆண்டால் ஆட்சி உரிமை கோரலாம் என்ற பழைய சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். போரால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதில் வழக்குப் போடக் கால எல்லையும் இருந்தது. இப்படியான விஷயத்தில் சட்டத்தரணியிடம் கேட்காமல் சபைத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணிக்கென்றே விசேட மத்தியஸ்த சபையும் திருகோணமலையில் அமைக்கப்பட்டது. காணி விஷயத்தில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் அதில் இருப்பார்கள். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

நேற்று இரவு என் காணிக்குள் புகுந்து வேலி போட்டுவிட்டார்கள். சபைக்குப் போகவா?

வேண்டாம். முதலில் பொலிஸுக்குப் போங்கள். சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கை 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றம் எடுக்கும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் திரும்பக் காணிக்குள் விடலாம். ஆனால் வெளியேற்றம், அந்தப் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் தகவல் தாக்கல் செய்யப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். சபை அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்து இந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் பெரும் சிக்கல். தடையுத்தரவு கொடுக்கும் அதிகாரமும் சபைக்கு இல்லை.

காணியை ஒரு அரச திணைக்களம் எல்லை போட்டுப் பிடித்துவிட்டது. சபை உதவுமா?

இல்லை. ஒரு தரப்பு அரசு என்றால் மத்தியஸ்த சபை எடுக்காது. பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம், கடைசியாக நீதிமன்றம். சபையில் காலத்தைக் கழிக்காதீர்கள்.

கணவன் அடிக்கிறார். பொலிஸில் சபைக்குப் போகச் சொல்கிறார்கள்.

நீங்கள் விரும்பினால் போகலாம், கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நேரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மத்தியஸ்தம் என்பது இரண்டு பேரும் பயமில்லாமல் கதைக்கக்கூடிய இடத்தில்தான் வேலை செய்யும். ஒருவர் மற்றவரைப் பார்த்து நடுங்கிக்கொண்டு இருக்கும்போது எழுதப்படும் சமாதானம், அடித்தவருக்கு மட்டும் வசதியானது. 'குடும்ப விஷயம், பேசி முடியுங்கோ' என்று சொல்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ போங்கள்.

கடன் கம்பனி சபைக்கு அழைத்திருக்கிறது. போகாமல் விட்டால்?

போங்கள். போகாவிட்டால் அவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும், அடுத்தது வழக்கு. போனால் தவணையை நீட்டவும், தண்டவட்டியைக் குறைக்கவும் கேட்கலாம். போகுமுன் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், கம்பனியிடம் கணக்கறிக்கை கேட்டு வாங்குங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தைப் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டு போங்கள். மத்தியஸ்தர்கள் முன் அந்தத் தாளை வைத்துக் கேட்கும்போது கம்பனியில் இருந்து வருபவரின் குரல் கொஞ்சம் இறங்கும்.

சபையில் மாதக்கணக்கில் இழுபட்டால் என் கடன் காலாவதி ஆகிவிடாதா?

நல்ல கேள்வி, ஆனால் குறைவாகவே கேட்கிறார்கள். எழுத்தில் உள்ள கடனுக்கு வழக்குப் போட பொதுவாக 6 வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு 3 வருடம், கடையில் கடனுக்கு விற்ற சாமானுக்கு 1 வருடம். சபையில் விண்ணப்பம் போட்ட நாளில் இருந்து சான்றிதழ் கிடைக்கும் வரையான நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் விண்ணப்பம் போடுமுன் ஓடிய வருடங்கள் ஓடியதுதான். 'சொந்தக்காரன்தானே, தருவான்' என்று மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தால் சபையும் உதவாது.

எங்களுடையது கொஞ்சம் பெரிய வியாபாரப் பிணக்கு. மத்தியஸ்தம் பொருந்துமா?

நிலாவெளியில் ஹோட்டல் கட்டிய கொந்தராத்துக்காரரும் முதலாளியும் மாதிரி என்றால், ஊர்ச் சபையை விட வர்த்தக மத்தியஸ்தம் நல்லது. 2000ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வர்த்தக மத்தியஸ்த நிலையம் என்று ஒன்று உண்டு. அங்கே கட்டணம் உண்டு, சட்டத்தரணிகளும் வரலாம். நடுத்தீர்ப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான நடுத்தீர்ப்பில் நடுவர் முடிவு சொல்வார், அது உங்களைக் கட்டும். உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பிணக்கு வந்தால் எங்கே போவது என்று அங்கே எழுதியிருக்கும்.

சான்றிதழ் தொலைந்துவிட்டது.

சபைச் செயலாளரிடம் பிரதி கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். உங்கள் பிணக்கு இலக்கமும் அமர்வு நடந்த திகதியும் தெரிந்தால் உடனே தேடி எடுப்பார்கள். அதனால் சான்றிதழ் கிடைத்த அன்றே போனில் ஒரு படம் எடுத்து, வீட்டில் வேறொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.